வாழ்த்தோடு போன சீட்டு

வாழ்த்து அட்டை பெட்டிக்குள் இறங்கவில்லை.

நாலு விரல் கனம். விரித்தால் உள்ளேயிருந்து ஒரு மாதா கோயில், கோபுரமும் மணியுமாக எழுந்து நிற்கும். விளிம்பெல்லாம் பட்டு நூலில் பூ. மேலட்டையில் பஞ்சு வைத்துத் தைத்த சரிகை நட்சத்திரங்கள், மூடிய பிறகும் புடைத்துக்கொண்டிருந்தன.

கைலாசம் அட்டையை எடுத்துப் பத்திரமாக ஓரம் வைத்துவிட்டு, மரப்பெட்டியின் உட்புறத்தை மறுபடி உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தார்.

ஜெயிலின் பைண்டிங் கொட்டகையில் அப்போது இரண்டு பேர்தான். கைலாசம் அம்மாபேட்டை நெசவாளி. பங்காளிச் சண்டையில் அவர் ஓங்கிய கட்டை ஒருவன் உயிரை வாங்கிவிட்டது. ஆயுள் தண்டனையில் பதினோரு வருடம் கழித்திருந்தார். எதிரே பசைச் சட்டியோடு உட்கார்ந்திருந்த அருணகிரி, திருச்செங்கோட்டில் வக்கீல் குமாஸ்தா. ஆகஸ்டுப் போராட்டத்தில் தந்திக் கம்பியை அறுத்து, ஒரு வருடம் வாங்கி வந்தவன்.

கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருந்தது. அட்டை ஜெயில் துரையின் பெயரால் சென்னையிலுள்ள பெரிய துரைக்குப் போகிறது. கைதிகளின் விடுதலை மனுக்கள் போய்ச் சேருவதும் அதே பெரிய துரையின் மேஜைக்குத்தான். கைலாசத்தின் மனுவும் அங்கேதான் கிடந்தது.

போன வருடம் துணியில் சுற்றி அனுப்பியதில் கோபுரம் நசுங்கிப்போனதாம். அதனால் இந்த முறை பெட்டி. வேறு யார் கை பட்டாலும் கெட்டுவிடும் என்று, கட்டுகிற வேலையையும் அட்டையைச் செய்த கைலாசத்திடமே விட்டிருந்தார்கள். பூட்டு மணிக்கு முன்னால் வார்டர் மணியன் வந்து வாங்கிப் போவார்.

பெட்டி இடம் கொடுத்தது. அட்டை உள்ளே இறங்கி உட்கார்ந்தது.

கைலாசம் வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, சட்டைக்குள்ளிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்தார். துரை தன் கைப்பட எழுதியது. அட்டைக்கு மேலே வைத்து மூடச் சொல்லியிருந்தார். கைதிக்கு இங்கிலீஷ் தெரியாது என்கிற தைரியத்தில் உறைகூடப் போடவில்லை.

“எம் மனுவப் பத்தி ஏதாச்சும் எழுதியிருக்குதுங்களா சாமி? சித்தே படிச்சுச் சொல்லுங்க.”

அருணகிரி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினான்.

மனுவைப் பற்றித்தான் எழுதியிருந்தது. ‘சென்ற வருட அட்டையை உங்கள் மனைவி வெகுவாக ரசித்ததாக எழுதியிருந்தீர்கள். இதைச் செய்தவனின் மனு உங்களிடம் வந்திருக்கும். இப்படியொரு கை எனக்கு மறுபடி கிடைக்காது. தயவுசெய்து அதைக் கிடப்பிலேயே போட்டு வையுங்கள்.’

இரண்டாம் முறையும் படித்தான்.

சொல்லிவிடுவது என்றுதான் வாயெடுத்தான். சொன்னால், அந்த அட்டை இந்த நிமிஷமே நார்நாராகும். அப்புறம் தனிக் கொட்டடி, கல் உடைப்பு. சீட்டை மட்டும் ஒளித்துவிடலாமென்றால், காணாமல் போனதற்குப் பதில் சொல்ல வேண்டியவரும் கைலாசமே. எந்தப் பக்கம் யோசித்தாலும் அடி அந்த மனிதர் முதுகில்தான் விழுந்தது.

“நல்ல மனுசன், வெளிய உட்டாத் தொழில் பண்ணிப் பொழச்சுக்குவான்னு எழுதியிருக்குதுங்க.”

கைலாசம் கடைசி இடத்தை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னான்.

அவர் சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சரிகை நட்சத்திரங்களின் மேல் கோணாமல் வைத்தார். நாலு மூலையிலும் சந்து இருந்தது. மகள் முத்தாயம்மாள் போன மாதம் பார்க்க வந்தபோது கொடுத்துவிட்டுப் போன துண்டைக் கிழித்துச் சுருட்டி ஒவ்வொரு மூலையிலும் அடைத்தார். மூடியை வைத்துப் பெட்டியைக் காதருகில் ஆட்டிப் பார்த்தார். உள்ளே எதுவும் அசையவில்லை.

மூடிக்கு ஆணி அடித்து, மெழுகுத்துணி சுற்றி, சணல் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்தார். முடிச்சின் மேல் விரல் வைக்க அருணகிரியைக் கூப்பிட்டார்.

அவன் வைத்தான். கயிறு விரலோடு சேர்ந்து இறுகிற்று. எடுக்கச் சொல்லும்வரை எடுக்கவில்லை.

முடிச்சில் அரக்கு உருகி ஆறுவதற்கும் மணியன் வருவதற்கும் சரியாக இருந்தது. பெட்டி வெளியே போனது.

கைலாசம் தரையில் சிதறியிருந்த நூல்களையும் சரிகைத் துணுக்குகளையும் கையாலேயே கூட்டிக் குவித்தார். பிறகு, போன வருடம் இந்த இடத்தில் ஒரு போஸ்ட் மாஸ்டர் இருந்ததாகச் சொன்னார். அதற்கு முந்தின வருடம் வெண்ணந்தூர் வாத்தியார் ஒருவராம். அவர்களும் சீட்டைப் படித்தார்களாம். மூன்று பேர் படித்ததிலும் ஒரு சொல் மாறவில்லையாம்.

அருணகிரி பசைச் சட்டியைச் சுரண்ட ஆரம்பித்தான்.

“உள்ளத ஒருத்தரும் படிக்கலீங்க சாமி. துரை அப்பிடி எழுதியிருந்தா நான் ஏனுங்க இன்னும் இங்க உக்காந்திருக்கறேன்? இருந்தாலும் வருசத்துக்கு ஒருக்கா அத யாராச்சும் சொல்லிக் கேக்கோணும்னு இருக்குதுங்க.”

பூட்டு மணி அடித்தது. கைலாசம் குவித்ததை அள்ளி அடுத்த வருடத்துக்கென்று ஒரு டப்பாவில் போட்டு மூடிவிட்டு, தலை எண்ணும் வரிசையில் முதல் ஆளாகப் போய்க் குந்தினார்.