பூட்டிய அறையிலிருந்து ஒரு பை

லோர்னாவின் வீட்டை இடிக்குமுன் சுவர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று சோதிக்க, திங்கட்கிழமை வால்லரூ ஊருக்குப் போயிருந்தேன். ஆறு இடங்களில் துணுக்கு பெயர்த்து ஆறு பைகளில் போட்டேன். ஓட்டைகளை டேப்பால் மூடி, டேப்பின் மேலும் பையின் மேலும் எண், தேதி, கையெழுத்து போட்டேன். பின்னறைச் சாவி கிடைக்கவில்லை. பார்க்க முடியாத அறையில் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதாகவே எழுதிவிடுவது எங்கள் வழக்கம். எழுதினேன்.

வியாழனன்று ஆய்வகம் ஏழு முடிவுகளை அனுப்பியது. ஏழாவது, பின்னறை, ஜன்னலுக்குக் கீழே. பையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். என் எழுத்துதான்.

இது சரியாகாமல் நான் அறிக்கை தர முடியாது. அறிக்கையில்லாமல் சனிக்கிழமை இடிக்க முடியாது. திரும்பப் போனேன்.

"ஆறு வரைக்கும் எண்ணத் தெரியாதவனுக்கு எவன்டா லைசென்ஸ் குடுத்தான்?" என்று எழுபதைத் தாண்டிய லோர்னா சிரித்தார்.

"அந்த ரூமுக்குள்ள நான் போகவே இல்லையே, லோர்னா."

"எப்படிப் போவே? சாவியே நேத்துதான் ஆப்ட்டுது. உனக்காகத் திறக்காம வெச்சிருக்கேன்."

திறந்தார். ஜன்னலுக்குக் கீழே ஓட்டை இல்லை. பச்சைப் பெயின்ட்டுக்கு அடியில் சின்னதாக ஒரு சதுரம் மட்டும் புடைத்திருந்தது.

"இந்தப் பச்சைய அப்பா அடிச்சப்ப எனக்கு ஆறு வயசு" என்றார்.

முகமூடியை மாட்டிக்கொண்டு, ஈரத்துணி வைத்து மெல்லச் சுரண்டினேன். பச்சைக்குக் கீழே நீலம். நீலத்துக்குக் கீழே வெள்ளை. வெள்ளைக்குக் கீழே என் டேப். எண் ஏழு, திங்கட்கிழமைத் தேதி, என் கையெழுத்து.

லோர்னா குனிந்து தொட்டுப் பார்த்தார். அவர் விரலில் இன்னும் காயாத மை ஒட்டியது.