கர்ணம் என்றால் என்ன?

"சீட்டை எடுங்க. முறைச்சுப் பார்த்தா உள்ள இருக்கிற கேள்வி மாறிடுமா?" என்றார் தேர்வு நடத்திய ஆசிரியை புர்மாகான்.

மேசை மேல் இருபத்தைந்து சீட்டுகள் கவிழ்ந்து கிடந்தன. நாரின் மலைப்பாதையில் பஸ் ஓட்டும் சகின்பெக் படித்திருந்தது ஏழாம் சீட்டை மட்டும்தான். பகா எண் என்றால் என்ன? ஒரு வாரமாக வளைவுக்கு வளைவு அதைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இந்தக் கணக்குத் தேர்வில் தேறினால் மாலைப்பள்ளிச் சான்றிதழ் கிடைக்கும், டிப்போவில் மேற்பார்வையாளர் ஆகலாம். தவறினால் இந்தக் குளிர்காலத்திலும் பனிக்குள் பஸ்தான்.

எடுத்தார். பத்தொன்பது.

"கர்ணம் என்றால் என்ன?" என்று வாசித்தார்.

"சொல்லுங்க."

ஊமை மாதிரி நின்றால் கட்டாயம் ஃபெயில், எதையாவது பேசிவிட்டு வா என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். சகின்பெக் கண்ணை மூடிக்கொண்டு, மரியாதைக்கு எஜே, அதாவது அக்கா, என்றும் சேர்த்து, தனக்குத் தெரிந்ததை ஒப்பித்தார்.

"ஒன்னாலயும் தன்னாலயும் மட்டும்தான் மீதியில்லாம வகுபடும், எஜே. வேற எதாலயும் வகுபடாது."

புர்மாகான் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. "உதாரணம்?"

"ஏழு. பதினொன்னு. பதிமூணு."

"அவ்வளவுதானா?"

"ஒன்னைவிடப் பெரிசா இருக்கணும், எஜே."

புர்மாகான் ஏதோ குறித்துக்கொண்டார். சீட்டை மறுபடி மற்ற சீட்டுகளோடு கலந்து வைத்தார். பிறகு பதிவேட்டில் ஐந்துக்கு ஐந்து போட்டார்.

சகின்பெக்குக்குத் தலைகால் புரியவில்லை. இப்படி ஒரு தங்கமான மனுஷியா என்று நினைத்துக்கொண்டே, அவர் மனம் மாறுவதற்குள் படியிறங்கி ஓடினார்.

சாயங்காலம் தலைமையாசிரியர் எசெங்குல் ஒரு கிண்ணம் தேநீரோடு வந்தார்.

"கணக்கு வாத்தியார் ஆட்டை ஓட்டிக்கிட்டு மேய்ச்சல் மலைக்குப் போயிட்டாரு, அதான் உங்களை உட்கார வச்சேன். ரொம்பச் சிரமப்பட்டீங்களா?"

"காலையில ஒரே பயம், சார். மைதானத்துல ஓடு, தாண்டுன்னு சொல்லிக்கொடுக்கிற எனக்குக் கர்ணத்தைப் பத்தி என்ன தெரியும்? நல்லவேளை, முதல்ல வந்த பஸ் டிரைவர் உதாரணத்தோட புட்டுப்புட்டு வச்சாரு, அப்படியே எழுதிக்கிட்டேன்" என்றார் புர்மாகான். "அப்புறம் அதே சீட்டை எடுத்த ரெண்டு பேர் முக்கோணம், செங்கோணம்னு என்னென்னமோ உளறுனாங்க, ஃபெயில் போட்டுட்டேன்."