நாலாவது ரீல்

மனைவியைப் புதைத்துவிட்டு வீடு திரும்பிய மனிதனுக்கு, செத்தவளே தட்டில் சூப் ஊற்றிக் கொடுத்தாள். அவனும் ஒன்றும் கேட்காமல் ரொட்டியை நனைத்துத் தின்றான்.

சாலக்குடிக்குப் பக்கத்தில் ஒரு வாசகசாலை மாடி. ஃபிலிம் சொசைட்டியின் ஞாயிற்றுக்கிழமைப் படம். திரையில் ஓடிய வெளிநாட்டுப் படத்தின் அடியில் வரும் எழுத்துகள் பாதி அழிந்திருந்ததால், அறுபது பேரும் புரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

படம் முடிந்தால் விவாதம் நடந்தாக வேண்டும், அது அங்கே வழக்கம். “யாராவது சொல்லுங்க” என்று செயலாளரான பள்ளிக்கூட வாத்தியார் சுகுணன் மாஷ் சுற்றுமுற்றும் பார்த்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கும் நளினாக்ஷி எழுந்தாள். இரண்டு வருடமாக வந்து போகிறாள், வாய் திறந்ததில்லை.

“புதைச்சிட்டா போயிடறாங்களா மாஷே? வீட்டுல இருக்கறவங்களுக்கு அவங்க அடுக்களையிலதான் நிப்பாங்க. டைரக்டர் அதைத் துணிஞ்சு அப்படியே காட்டிட்டார். இந்த மாதிரி நான் பார்த்ததே இல்லை.”

கூட்டத்தில் தலைகள் ஆடின. பின்னால் புரொஜெக்டரை ஓட்டும் வர்க்கி சேட்டன்கூட ரீல் சுற்றுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். நளினாக்ஷிக்குக் கால் தரையில் பாவவில்லை.

மாஷுக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. எழுந்துபோய்த் தகர டப்பாக்களைப் புரட்டிப் பார்த்தார். திரும்பி வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தார்.

“டைரக்டர் ஒண்ணும் துணியல. அடக்கம் வர்ற நாலாவது ரீல் முதல்ல ஓடிடுச்சு. அவ சூப் ஊத்தற மூணாவது ரீல் அப்புறம் ஓடிருக்கு. வேற ஒண்ணுமில்ல.”

மாடியே சிரித்தது. அதுவரை தலையாட்டியவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள்.

“வர்க்கி சேட்டனை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க” என்று மாஷ் கையமர்த்தினார். “முப்பது வருஷத்துல ஒரு ரீல் மாறினதில்லை. வீட்டுத் துக்கம், நாற்பத்தொண்ணாம் நாள் சடங்கு கழிஞ்சு இன்னைக்குத்தான் வந்தார். கை தடுமாறியிருக்கும்.” வர்க்கி சேட்டன் மறுத்தும் பேசவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

நளினாக்ஷி உட்கார்ந்தாளா நின்றாளா என்று அவளுக்கே நினைவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. படமோ புத்தகமோ, அவள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் ஊர் தொடும் என்று ஒரு காலம் வரப்போவதை அன்று யாராவது சொல்லியிருந்தால், இதுவும் கேலி என்று அழுதிருப்பாள்.

மறுநாள் எக்ஸ்சேஞ்சுக்கு அவளுக்கு முன்பே கதை வந்து சேர்ந்திருந்தது. “நளினி, எங்க அம்மாச்சி செத்து ஆறு மாசமாச்சு. எந்திரிச்சு வந்து ஒரு காப்பி போட்டுத் தருவாங்களா, கேட்டுச் சொல்லேன்” என்றாள் பக்கத்து நாற்காலி எல்சி. மத்தியானச் சோற்றுப் பொதியைப் பிரிக்காமலே வைத்துவிட்டாள் நளினாக்ஷி.

சாயங்காலம் நேரே வாசகசாலைக்குப் போனாள். சொசைட்டிச் சீட்டை மாஷ் முகத்தில் எறிய வேண்டும், இனி சாகும்வரை எந்தப் படத்தைப் பற்றியும் வாய் திறக்கக்கூடாது. மாடியில் மாஷ் இல்லை. ரயிலில் திருப்பி அனுப்ப வேண்டிய டப்பாக்களைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார் வர்க்கி சேட்டன்.

கோபம் அவர்மேல் பாய்ந்தது. “உங்க கை தடுமாறினதுக்கு ஊர் முன்னாடி நான் கோமாளி ஆகணுமா சேட்டா? ஒரு டப்பா நம்பர் பார்த்து எடுக்கத் தெரியாதா? துக்கம்னா வீட்டுலயே இருந்திருக்க வேண்டியதுதானே.”

கடைசி வார்த்தை வெளியே வந்ததும் அவளுக்கே நாக்கு கூசியது. அவர் கோபப்படவில்லை. முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

“நேத்து சொன்னதை ஒரு காகிதத்துல எழுதித் தர்றியா மோளே?”

“இன்னும் கேலி பண்ணணுமா?”

“கேலியில்ல. கீழே நோட்டீஸ் பலகையில ஒட்டணும். போறவங்க வர்றவங்க படிக்கட்டும். எனக்கும் அப்பப்போ நின்னு படிக்கணும்.”

“தப்பா ஓடின படத்துக்கு எதுக்கு சேட்டா விமர்சனம்?” அவள் டப்பாக்களைக் காட்டினாள். “நான் சொன்ன மாதிரி அந்தப் படத்துல ஒண்ணுமே இல்லையே.”

வர்க்கி சேட்டன் மூன்றாம் எண் டப்பாவின் மூடியைத் துண்டால் மெல்லத் துடைத்தார்.

“என் பொண்டாட்டி மறியத்தை சர்ச் கல்லறையில அடக்கிட்டு வந்தப்புறம் எங்க அடுக்களை அப்படியே கிடக்கு. நான் நினைச்சதை அறுபது பேர்ல நீ ஒருத்திதான் கண்டுபிடிச்சே.”

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

“கை தடுமாறல மோளே. நான் மாத்தித்தான் போட்டேன்.”