தட்டிக்கு அந்தாண்ட ஒரு சிரிப்பு

ஒல்லி நடிகர் கட்டிலுக்கு அடியில் ஒளிந்தார். அது தெரியாமல் குண்டு நடிகர் மேலே உட்கார்ந்து பாட ஆரம்பித்தார். கட்டில் அமுங்கும்போதெல்லாம் கீழேயிருந்து ஒல்லி நடிகரும் சுருதி தப்பிப் பாடினார்.

பூந்தமல்லி டென்ட் கொட்டகையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

பால்ராஜ் மட்டும் வாய்விட்டுச் சிரித்தான்.

சிரிப்பு ஜோடியின் படம் என்று மாட்டுவண்டியில் தமுக்கடித்து நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். வந்து பார்த்தால் பாட்டுக்கு மேல் பாட்டு. மணலைக் குவித்து உட்கார்ந்திருந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். பால்ராஜுடன் ஆவடி மிலிட்டரி டிப்போவில் லாரிக்குப் பெயின்ட் அடிக்கும் பரந்தாமன், போகலாம் என்று எழுந்தேவிட்டான்.

அப்போதுதான் தட்டிக்கு அந்தப் பக்கம், பெண்கள் பகுதியிலிருந்து அது கேட்டது.

அடக்கப் பார்த்து, முடியாமல், பீறிட்டுக்கொண்டு வந்த சிரிப்பு.

பால்ராஜுக்கு உடம்பு சிலிர்த்தது. இந்த அசட்டுப் பாட்டுக்குச் சிரிக்க இன்னொரு ஜீவன்!

கட்டில் மறுபடி அமுங்கியது. இவன் சிரித்தான், அவள் சிரித்தாள். அதற்கடுத்த முறை அவள் முந்திக்கொண்டாள். முன்னால் இருந்தவர்கள் திரையை விட்டுவிட்டு இவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னா மச்சான் ஆச்சு உனுக்கு? இத்தினி நாளா கூட கீறேன், நீ பல்லக் காட்டி நான் பாத்ததே இல்லியே" என்று சொல்லிவிட்டுப் பரந்தாமன் போய்விட்டான்.

படம் இன்னும் மோசமாகப் போனது. நடுவில் பிலிம் அறுந்து திரை வெளுத்தது. அதற்கும் இருவரும் சிரித்தார்கள்.

படம் முடிந்ததும் பால்ராஜ் பெண்கள் வாசலுக்கு ஓடினான். செய்வது தப்பு என்றும் தெரிந்தது. ஆனாலும் அந்த முகத்தை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும்.

யுத்த காலத்து இருட்டடிப்புக்காகக் கறுப்புத் தாள் சுற்றிய பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பெண்கள் வந்தார்கள், போனார்கள். எல்லா முகத்திலும் தூக்கம்தான் இருந்தது.

கடைசியாக உள்ளேயிருந்து ஒரு குரல், இன்னும் சிரிப்பு அடங்காமல்.

"அந்தாண்ட ஒர்த்தர் சிரிச்சாரே, கேட்டியாம்மா? அந்த மாதிரி ஆளுக்கு என்னைக் கட்டிக் குடுத்திருந்தா நான் இன்னாத்துக்கு ஊட்ட உட்டு வந்திருக்கப்போறேன்?"

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள் சாராள். பேச்சும் சிரிப்பும் இல்லாத வீட்டில் இனி இருக்கமாட்டேன் என்று சித்திரையில் தாய்வீட்டுக்கு வந்துவிட்ட அவன் மனைவி.

அவனைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

பால்ராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

சிரிப்புதான் வந்தது.