வெள்ளை வந்தா மெட்ராஸ்

"என்ற புள்ள டோல்கேட்டத் தாண்டாது. எழுதி வெச்சுக்கங்க."

சங்ககிரி லாரி ஸ்டாண்டுல, டீ குடிச்சிட்டிருந்த நாப்பது பேரு முன்னால மயில்சாமி இப்படி ஒரு வார்த்தைய உட்டுட்டாரு. உட்டு ஒரு வாரமாச்சு. அந்த ஒரு வாரமும் மக மதுமதி அப்பங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல.

பன்னெண்டாவதுல நல்ல மார்க்கு. இஞ்சினீரிங் கவுன்சிலிங்குல நல்ல ரேங்க். மெட்ராஸ்லயே சீட்டு கெடைக்கும்னு டீச்சரும் சொல்லியாச்சு. எந்தக் காலேஜ் மொதல்ல, எது ரெண்டாவதுன்னு வரிசையாப் போட்டு, நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கம்ப்யூட்டர்ல லாக் பண்ணிப்போடோணும். மொத எடத்துல மெட்ராஸா, உள்ளூரான்னுதான் சண்டை.

"உள்ளூருக்கு என்னடா கொறைச்சலு? காலேஜ் பஸ்ஸு ஊட்டு வாசல்ல வந்து ஆரன் அடிக்குது"ன்னா மாரக்கா. மயில்சாமிக்கு மூத்தவ. முப்பது டன் லோடு லாரிய ஒத்தக் கையில ஒடிச்சுத் திருப்பற மனுசன், அக்கா வந்து சேருல உக்காந்தாப் போதும், ஹேண்ட் பிரேக் போட்டாப்புல நின்னுருவாரு.

"அக்கா சொன்னாச் சரிங்க்கா."

"ஏனுங்கப்பா, படிக்கறது நானுங்களா, அத்தைங்களா?"

"பாத்தியாடா வாய? போகறதுக்கு முன்னாலயே இப்படி. போயிட்டு வந்தா, 'ஏனுங்க, நீங்க யாருங்க'ன்னு நம்மளயே கேப்பா."

மயில்சாமி தலையச் சொறிஞ்சாரு. "நமக்கெதுக்குங்க்கா வம்பு. மாரியாத்தாகிட்ட பூக் கேட்டுப்போடலாம். வெள்ளை வந்தா மெட்ராஸ். செவப்பு வந்தா உள்ளூரு. ஆத்தா சொல்லிட்டா அதுக்கு மேல அப்பீலே கெடையாது."

ஒரு பொட்டலத்துல வெள்ளைப் பூ, இன்னொண்ணுல செவப்புப் பூ. ரெண்டையும் சாமி காலடியில வெச்சு, சின்னக் கொழந்தைய உட்டு ஒண்ண எடுக்கச் சொல்லோணும். கல்யாணத்துக்கும் கெணறு வெட்டறதுக்கும் அந்தப் பக்கம் இப்படித்தான்.

மதுமதிக்குக் கண்ணுல தண்ணி. நாலு வருசப் படிப்ப நந்தியாவட்டப் பூவு முடிவு பண்ணுதாமா.

"பொட்டலத்த நான் மடிக்கறனுங்க"ன்னு அம்மா சௌந்திரம் முன்னால வந்தா.

"நீ இட்லியப் பாரு. நான் மடிச்சுக்கறேன்."

மறுநா வெடியால, மயில்சாமி ஒரு துண்டு நெறையச் செவப்பு அரளியப் பறிச்சு எடுத்துட்டு லாரி கேபினுக்குள்ள ஏறுனாரு. கதவச் சாத்துனாரு. கண்ணாடியயும் ஏத்திட்டாரு. பத்து நிமிசங்கழிச்சு ரெண்டு பொட்டலத்தோட எறங்குனாரு. சீட்டி வேற.

ஜன்னல்ல நின்னு பாத்துட்டிருந்த மதுமதி கணக்கப் போட்டா. கையில இருந்ததெல்லாஞ் செவப்பு. அப்ப ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புத்தான். அட கோல்மாலு அப்பா.

அவரு பொட்டலத்த வெச்சிருந்த சட்டையக் கழட்டி மாட்டிட்டுக் குளிக்கப் போனதுதான் தாமசம். மதுமதி ரெண்டு புதுப் பொட்டலங் கட்டுனா. அதே பேப்பரு, அதே மடிப்பு. ரெண்டுலயும் நந்தியாவட்ட. சட்டப் பையில இதப் போட்டு, அவரு கட்டுனத எடுத்துத் தன்ற சர்ட்டிபிகேட் பைலுக்குள்ள ஒளிச்சா.

"ஆத்தா, மன்னிச்சுக்க. மொதல்ல ஆரம்பிச்சது அவருதான்."

கோயில்ல பூசாரி மக அபிநயா, அஞ்சு வயசு, ஒரு கையில மூக்கத் தொடச்சுக்கிட்டே இன்னொரு கையில ஒரு பொட்டலத்த எடுத்தா. பூசாரி பிரிச்சாரு.

வெள்ளை.

மயில்சாமி தலையில கைய வெச்சுட்டு அப்படியே தரையில உக்காந்துட்டாரு. "ஆத்தா, இப்படிப் பண்ணிப்போட்டியே. ஸ்டாண்டுல நாப்பது பேத்துக்கு நான் என்ன பதிலச் சொல்லுவேன்?"

மதுமதி சிரிப்ப அடக்கத் துப்பட்டாவக் கடிச்சா.

மாரக்கா லேசுல உடல. "பூசாரி, அந்த இன்னொண்ணையும் பிரிங்க பாக்கலாம்."

"வேண்டாங்க."

ரெண்டு கொரலு ஒண்ணாக் கெளம்புச்சு. ஒண்ணு மதுமதி. இன்னொண்ணு மயில்சாமி.

"ஆத்தா வாக்கையே செக் பண்றதுங்களாக்கா? என்ற கஷ்டம் என்னோட போகட்டும்"னு எந்திரிச்சு, அந்தப் பொட்டலத்த எடுத்துக் கோயில் கெணத்துல வீசிட்டாரு.

பின்ன? தான் கட்டுன செவப்பு வெள்ளையானதப் பாத்து அப்பன் ஆத்தாளுக்குப் பயந்துட்டாருன்னு மதுமதி நெனச்சுக்கிட்டா.

சாயங்காலம் லோடு ஏத்தப் போற வழியில, பிரவுசிங் சென்டர் வாசல்ல லாரி நின்னுச்சு. நாலு நாப்பதுக்கு மெட்ராஸ் மொத எடத்துல லாக் ஆயிருச்சு. மதுமதி குதிச்சுட்டே வந்து கேபின்ல ஏறுனா.

மயில்சாமி கீழ நின்னு ஸ்டாண்டுக்காரங்ககிட்ட போன்ல அழுதுட்டிருந்தாரு. "நான் உட மாட்டேன்னுதானுங்க நின்னேன். ஆத்தாளே சொல்லிப்போட்டா. அவளுக்கு மேல நான் என்னங்க பண்றது? எங்கக்காவே வாயத் தொறக்கல."

மதுமதி நிமுந்து பாத்தா. முன்கண்ணாடிக்கு மேல இருக்கற புள்ளையார் படத்துக்கு, காலைல துண்டுல கொண்டாந்த செவப்பு அரளி அத்தனையும் மாலையாத் தொங்குது.

அப்பப் பொட்டலத்துல என்ன? பைலத் தொறந்து, அப்பன் கட்டுன பொட்டலத்துல ஒண்ணப் பிரிச்சா.

வெள்ளை.

அய்யோ. அப்பன் நாயமாத்தான் கட்டிருக்காரு. ஒண்ணு வெள்ளை, ஒண்ணு செவப்பு. நாந்தான் பெத்தவரையும் ஆத்தாளையும் சேத்து ஏமாத்திப்போட்டேன்.

இன்னொண்ணயும் பிரிச்சா.

அதுலயும் வெள்ளை.