வெள்ளைத் தட்டு

"புதுசா வர்றவங்க எப்படிச் சுட்டாலும், நடுவுல பட்டதா வெள்ளைத் தட்டைத் தூக்கிக் காட்டு பவுல்துரை. இல்லேன்னா கிளப்புல ஒருத்தரும் சேர மாட்டாங்க" என்றார் ஆரணி துப்பாக்கி சுடும் கிளப்பின் செயலாளர் கிருபாகரன்.

முந்நூறு கஜம் தள்ளி, இலக்குப் பலகைக்கு அடியிலிருந்த பள்ளத்தில் பவுல்துரை போய் உட்கார்ந்தான்.

துப்பாக்கி உதைத்த உதையில் பலரும் தோளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். சேர்ந்தது பட்டு நெய்யும் ரேணுகாம்பாள் மட்டும்தான். ஐந்து முறையும் தட்டு உயர்ந்ததைப் பார்த்த அவள் கணவன், "இனிமே இவகிட்ட வாயே தொறக்க மாட்டேன் சார்!" என்று சிரித்தான்.

"வேலூர்ப் போட்டிக்கு என் பேரையும் குடுத்துடுங்க சார்" என்றாள் அவள்.

ஞாயிறு ஆராதனையில் கிருபாகரனால் ஜெபிக்க முடியவில்லை. போட்டியில் அத்தனை பேர் முன்னால் அவள் தலைகுனிந்து நிற்பாளே! நேரே அவள் வீட்டுக்குப் போனார்.

"மன்னிச்சுடும்மா. அன்னிக்குத் தட்டு காட்டினது பொய். உன்னைச் சேர்க்கறதுக்காக நான்தான் சொல்லி வெச்சேன்."

தறியில் ஓடிக்கொண்டிருந்த நாடா நின்றது. "போட்டிக்கு நான் வரலை சார்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பாரம் இறங்காமலே வந்து பவுல்துரையிடம் சொன்னார்.

"இன்னா சார் பண்ணிட்டீங்க! மத்தவங்களுக்குத்தான் பொய்யாத் தூக்கினேன். அந்தம்மா சுட்டது அஞ்சும் நடுவுலதான் பட்டுச்சு!"

பெட்டியிலிருந்து இலக்குத் தாளை எடுத்து நீட்டினான். "பார்த்தா சந்தோஷப்படுவாங்கன்னு ஓட்டை மேல காகிதம் ஒட்டாம அப்படியே வெச்சிருந்தேன். எடுத்துக்கினு ஜல்தி போங்க சார்."

அவள் சுட்டதில் ஒன்றாவது பட்டிருக்கும் என்று தனக்கு ஏன் தோன்றவே இல்லை?

கிருபாகரன் சைக்கிளைத் திருப்பினார். இந்த முறை கேட்க வேண்டிய மன்னிப்பு வேறு.