தெருப் பேட்டரி

அடைமழையில் வெயிலைக் காணாமல், தெருவுக்கே பொதுவான சோலார் பேட்டரியின் சார்ஜ் கடைசிக் கோட்டுக்கு வந்துவிட்டது. பேச்சியின் கணவர் உடல் கிடந்த குளிர்பெட்டிக்காகத் தெருவே விளக்கையும் விசிறியையும் அணைத்திருந்தது. துபாயில் இருக்கும் மகன் நாளைதான் வந்துசேர்வான். அவன் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே.

எதிர்வீட்டு சலோமியின் கைக்குழந்தைக்கு இழுப்பு. அந்த மூச்சுச் சத்தம் பெட்டிவரை கேட்டது. பெட்டி ஓடும்போது அதற்கு ஆவி மெஷினும் போட மின்சாரம் போதாது. துக்க வீட்டில் எப்படிக் கேட்பதென்று சலோமி குழந்தையோடு தன் வாசலிலேயே நின்றாள். கூடியிருந்தவர்கள் தரையையே பார்த்தார்கள்.

பேச்சி எழுந்து பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள்.

"ஏட்டி சலோமி, போய் மெஷினப் போடு."

பிறகு மகனை வீடியோவில் அழைத்தாள்.

"அப்பா மொகத்த இப்பவே நல்லாப் பாத்துக்கய்யா. பொழுது சாயறதுக்குள்ள எடுத்துருவோம்."